மூன்றாவது தட்டு

இரவு ஒன்பதே முக்கால். ஆஸ்பத்திரியின் பின்வாசல். அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரே ஒரு சாலை. ஒரு பக்கம் சலவைக்கூடத்தின் நீளமான சுவர்… மறுபக்கம் கம்பிவேலி போட்ட காலி மனை. மூன்று விளக்குக் கம்பங்களில் எரிவது ஒன்றுதான். கடைசிப் பஸ் ஒன்பது ஐம்பதுக்கு. அந்தச் சாலையில் ஒரு மனிதர் ஓடுகிறார். பேயைப் பார்த்து ஓடவில்லை… பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். பேய் அப்புறம் வரும், அவசரப்படாதீர்கள்.

"அப்புறம்னா எப்போ? சீக்கிரம் கூப்பிடு அத" என்றாள் என் நாத்தனார்.

கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குடியிருப்பின் மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் மாடி டிரைவர் செல்போன் விளக்கைக் கவிழ்த்து வைத்திருந்தார். அன்று நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டு. யார் யார் எத்தனை தரம் குறுக்கே பேசினார்கள் என்பதையும் எழுதினால் விடிந்துவிடும்.

ஓடியவர் என் சிநேகிதியின் அண்ணன். அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எங்களுக்குள் அவர் பெயர் புள்ளிக்காரர். நாள் முழுக்கப் புள்ளி எண்ணுகிற உத்தியோகம் அப்படி. நோயாளியின் புண்ணில் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவார்கள். மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு ஒன்று… உள்ளே ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும். அதன்மேல் இவர் குச்சியால் கோடு கோடாக இழுப்பார். தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைப்பார். கிருமி இருந்தால் மறுநாள் அந்தக் கோடுகளின் மேலேயே புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். இல்லாவிட்டால் தட்டு வெறும் தட்டு.

முளைத்த கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்றும் பார்ப்பார். மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளைத் தட்டில் வைப்பார். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றி ஒரு வெற்று வளையம் விழும். கேட்காவிட்டால் கிருமி பொட்டின் ஓரம்வரை மண்டிவிடும்.

ஒரு தையல்காரரின் மனைவியுடைய தட்டில் பன்னிரண்டு பொட்டு வைத்தார்… ஒன்றுக்கும் வளையம் இல்லை.

பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த பெண்மணி. நாலு நாளில் வீட்டுக்குப் போகவேண்டியவர். தையல் போட்ட இடத்தில் ஆஸ்பத்திரிக் கிருமி ஏறிவிட்டது. அந்தக் கிருமிக்கு ஒரு வாசனை உண்டு. தட்டின் மூடியைத் தூக்கினால்… திராட்சை. நன்றாகப் பழுத்து, இன்னும் ஒரு நாள் வைத்தால் கெட்டுப்போகும் திராட்சை. தட்டை முகரக் கூடாது என்பது விதி. மூக்கை எங்கே கழற்றி வைப்பது?

மருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் உடம்பு தானே தாக்குப்பிடித்தது. காய்ச்சல் விட்டது, புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் கிருமி இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அடுத்த கட்டிலுக்குத் தாவலாம். அதனால் தனி அறை. கண்ணாடிக் கதவு. வாரத்துக்கு ஒரு தட்டு. அடுத்தடுத்து மூன்று தட்டு வெறுமையாக வந்தால் கதவைத் திறப்பார்கள். நடுவில் ஒன்றில் புள்ளி விழுந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த அறைக்குள் போக மேலங்கி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டவேண்டும். வெளியே வந்ததும் கழற்றிப் போடவேண்டும். ஒரு நர்ஸுக்குப் பதினாறு கட்டில். அதனால் மாத்திரை, சாப்பாடு, கட்டு மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். காலையில் முகமூடி போட்ட ஒரு முகம், மாலையில் முகமூடி போட்ட ஒரு முகம். நடுவில் ஏசி ஓடும் சத்தம். அந்த அம்மா சும்மாவே அழைப்பு மணியை அடிப்பாராம். "என்னம்மா வேணும்?" என்று நர்ஸ் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர்… மணி வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பாராம். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

புருஷன் உள்ளே போகவே கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். கொடுத்தது அவர் மனைவிதான். ஒட்டிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, உடம்பின் காவலையே மருந்து போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். ஒரு சின்னக் கிருமி போதும், ஆள் காலி. அவள் கொடுத்த உயிர் அவருக்குள் இருக்கிறது… அதனாலேயே அவளை அவர் தொட முடியாது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்துவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு போன், இந்தப் பக்கம் ஒரு போன். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு போனில் பேசுகிற புருஷன் பெண்டாட்டி.

"எங்க வீட்லயும் அதான் நடக்குது, கண்ணாடிதான் இல்ல" என்றார் டிரைவர். அவர் மனைவி இருட்டிலேயே குறிபார்த்து ஒரு அடி வைத்தாள். சிரித்து முடித்ததும் எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாவது வாரம் தட்டு வெறுமை. பத்தாவது வாரமும் வெறுமை.

பரிசோதனைக்கூடத்துக்கு நோயாளியின் வீட்டார் யாரும் வருவதில்லை. புள்ளிக்காரர் பதினாலு வருஷமாக அந்தக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஒரு நோயாளிக்குக்கூட அவர் முகம் தெரியாது. அன்று கதவைத் தட்டிக்கொண்டு தையல்காரர் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. கையில் ஒரு பை.

"தம்பி… அந்த மூணாவது தட்டு எப்போ?"

"வெள்ளிக்கிழமை ஐயா."

தையல்காரர் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார். புண்ணில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் நாடா வைத்துத் தைத்த சட்டை. "இத மாட்டி நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை இரவு. கூடத்தில் புள்ளிக்காரர் மட்டும். சூட்டுப் பெட்டியின் 'ம்ம்ம்' என்ற முனகல்… வேறு சத்தமில்லை. மூன்றாவது தட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். கோடுகள் எல்லாம் சுத்தம். ஆனால் ஓரத்தில்… மூடியும் தட்டும் சேருகிற இடத்தில்… ஒரு புள்ளி.

ஒரே ஒரு புள்ளி. குண்டூசித் தலை அளவு.

கோட்டுக்கு வெளியே விழுந்த புள்ளி நோயாளியுடையது அல்ல. காற்றில் வந்தது, அல்லது மூடியைத் திறந்த கையிலிருந்து விழுந்தது. முதல் வருஷப் படிப்பிலேயே சொல்லிக்கொடுப்பது இது. மூடியைத் தூக்கினார். வாசனையும் இல்லை. இருந்தாலும் சந்தேகம். அந்தப் புள்ளியை எடுத்து இன்னொரு தட்டில் ஒரு ராத்திரி வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

மேலேயிருந்து போன். வார்டு நர்ஸ். "அண்ணா, அந்த அம்மா இன்னும் தூங்கல… ரிசல்ட் என்னன்னு கேட்டுட்டே இருக்காங்க."

மணி ஒன்பது நாற்பது. சந்தேகம் வந்தால் கதவு சாத்தியே கிடக்கட்டும் என்பது அந்தத் தொழிலின் புத்தி. வார்டில் மற்ற பதினைந்து பேர் இருக்கிறார்களே. 'கிருமி வளர்ச்சி உண்டு' என்று போட்டுக் கையெழுத்திட்டார். குப்பைக்குப் போகவேண்டிய தட்டை ஏனோ குளிர்பெட்டிக்குள் தள்ளினார். விளக்கை அணைத்தார். ஓடினார்.

பஸ் கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவருக்குப் பத்து நாள் விடுப்பு. என் சிநேகிதி வீடு மாற்றினாள். சாமான் தூக்கப் போயிருந்தார். அந்தப் புள்ளியை யாரும் தேடவில்லை. எழுதியது எழுதியதுதான். மறுபடி ஒன்றிலிருந்து.

அதற்குப் பிறகு அந்த அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவில்லை. "அவர வரவேணாம்னு சொல்லிடுங்க சிஸ்டர்… நின்னு நின்னு காலு வீங்குது அவருக்கு" என்றாராம். மணியும் அடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் நர்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். உடம்பு சில்லிட்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். உறை போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். தையல்காரரை நாலடி தள்ளித்தான் நிற்க வைத்தார்கள். தைத்த சட்டை அவர் கையிலேயே இருந்தது.

புள்ளிக்காரர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினார். குளிர்பெட்டியைத் திறந்தார். தட்டு அங்கேயே இருந்தது. புள்ளியை எடுத்து வளர்த்துப் பார்த்தார்.

காற்றில் மிதக்கிற சாதாரணக் கிருமி. உங்கள் கையிலும் என் கையிலும் இந்த நிமிஷம் இருக்கிறது. ஒரு தீங்கும் செய்யாது.

அந்த அம்மா சுத்தமாக இருந்தார். அன்றைக்கே கதவைத் திறந்திருக்கலாம்.

இதை மனுஷன் எப்படி வைத்துக்கொண்டிருப்பார், சொல்லுங்கள். தனிக்கட்டை வேறு. வீட்டுக்குப் போனால் சுவரைத்தான் பார்க்கவேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தார். அந்த அறையைக் கழுவி மூடி வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். இருட்டில். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில். பேய் என்று ஒன்று இருந்தால் இங்கேதானே இருக்கவேண்டும்?

"வந்துச்சா?" என்றாள் நாத்தனார், குரலே எழும்பாமல்.

ஒன்றும் வரவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்தார். பினாயில் வாசனை. ஏசி சத்தம். துரும்புகூட அசையவில்லை. கட்டில் கம்பி, கதவுப் பிடி, மணிப் பொத்தான் எல்லாவற்றிலும் ஒற்றியெடுத்து வளர்த்துப் பார்த்தார். வெறுமை… வெறுமை… வெறுமை. அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். பேயாகவாவது வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. அப்படிக் காலியாக இருந்தது அந்த அறை.

தையல்காரரைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று அன்றுதான் முடிவு செய்தார். சொன்னால் வேலை போகலாம், அடிகூட விழலாம். விழட்டும்.

பகலில் போகத் தைரியம் வரவில்லை. வேலை முடிந்து நடந்தே போனார். மணி பத்தரை. தூறல். ஒடுக்கமான தெரு, வீடுகளெல்லாம் தூங்கிவிட்டன. தெருக்கோடியில் ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உள்ளே தையல் மெஷின்… டகடகடக… நிற்கும்… டகடகடக…

வாசல் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே, தெருவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை. ஜன்னலில் தையல்காரரின் முகம்.

"தம்பி… நீங்களா? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவ வர்ற நேரம்."

"யாருய்யா?"

"யாரா? அவதான்." எதிர்வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "தெனமும் வர்றா. ஆனா உள்ள வரமாட்டேங்கறா. கதவத் தெறந்தா பின்னாடி பின்னாடி போறா. சாத்துனாத்தான் கிட்ட வர்றா. மூணாவது தட்டு இன்னும் வரலியாம்… எனக்கு ஒட்டிக்குமாம். நின்னுட்டே இருக்காளேன்னு நாற்காலி போட்டேன்."

புள்ளிக்காரர் மெதுவாகக் குனிந்து பார்த்தார். தூறலில் தெரு நனைந்திருந்தது. அவர் தலை நனைந்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரும் இடம்… நனையவில்லை.

அப்போதுதான் மூக்கில் ஏறியது.

திராட்சை.

ஓடியிருக்கவேண்டும். நானாக இருந்தால் ஓடியிருப்பேன், செருப்பைக்கூட எடுத்திருக்கமாட்டேன். அவர் ஓடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஓரத்துப் புள்ளியை, பஸ்ஸை, போட்ட கையெழுத்தை. சொல்லச் சொல்ல வாசனை கூடிக்கொண்டே வந்ததாம்… நாற்காலியிலிருந்து யாரோ எழுந்து, கேட்பதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி.

தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினார். "அப்போ அவ சுத்தமாத்தான் இருந்தாளா?"

"ஆமாய்யா."

"அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

திட்டவில்லை. அடிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பேனாவை நீட்டினார். "அத எழுதிக் குடுங்க தம்பி. நான் வாயால சொன்னா நம்பமாட்டா. ஆஸ்பத்திரிக் காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பையில் காகிதம் இருந்தது. தேதி எழுதினார். பெயர் எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. எதிரே நிற்பவர் உடம்பில் காவலே இல்லாத மனிதர். மூக்கு சொல்கிறது, கிருமி இங்கே நிற்கிறது என்று. அன்றைக்கு இல்லாத கிருமியை இருக்கிறது என்று எழுதினார். இன்றைக்கு இல்லை என்று எப்படி எழுதுவது? எழுதாமல் எப்படிப் போவது? ஜன்னலுக்குள்ளே அந்த முகம்… மூன்றாவது தட்டு எப்போது என்று கேட்ட அதே முகம். அன்று கையெழுத்துப் போட்ட கையால் அதே கதவை இரண்டாவது தரம் சாத்த அவருக்கு மனம் வரவில்லை.

'கிருமி வளர்ச்சி இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"என்கிட்ட வேணாம். நாற்காலி மேல வச்சிட்டுப் போங்க" என்றார் தையல்காரர்.

வைத்தார். நடந்தார். பத்தடி போயிருப்பார்… பின்னால் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். பிறகு அதைச் சாத்துகிற சத்தம். திரும்பிப் பார்த்தார். நாற்காலி மேல் காகிதம் இல்லை. அதற்குமேல் மெஷின் ஓடவில்லை. விளக்கு அணைந்தது. அன்றைக்குப் புள்ளிக்காரருக்கு நல்ல தூக்கம் வந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் மனுஷன் உடைந்து அழுதாராம், என் சிநேகிதி சொன்னாள்.

எட்டாம் நாள் கீழ்த்தளத்துக்கு ஒரு ரத்தக் குப்பி வந்தது. நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது. வளர்த்தார். மறுநாள் மூடியைத் தூக்கினார். கோடு விடாமல் மண்டியிருந்தது. வாசனையை நான் சொல்லவேண்டியதில்லை. பன்னிரண்டு பொட்டு வைத்தார். ஒரு வளையம் இல்லை.

நம்பரைப் போட்டுப் பெயரைப் பார்த்தார். தையல்காரர்.

அவர் அந்த அறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. மனைவி போன பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று பெரிய டாக்டர்கள் மூன்று பேர் கூடிக் கூடிப் பேசினார்கள். நாற்காலியைப் பற்றி இவர் அவர்களிடம் என்ன சொல்வது? மேலே ஏறிப் போனார். அதே அறை. அதே கண்ணாடிக் கதவு. வெளியே அதே நர்ஸ், மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கார்?"

"காய்ச்சல் நூத்தி நாலு, அண்ணா. ஆனா மனுஷன் மொகத்துல ஒரு கவல இல்ல. தனியா இருக்கறவங்க சும்மாவாவது மணி அடிப்பாங்க. இவர் ஒரு தடவகூட அடிக்கல." குரலைத் தாழ்த்தினாள். "கட்டில் ஓரத்துலயே படுத்திருக்கார். விழுந்துடுவாரேன்னு நானும் ஆயாவும் சேந்து நடுவுல நகத்திப் பாத்தோம். ஒல்லி ஆளுதான்… நகரவே இல்ல. அந்தப் பக்கம் எதுலயோ முட்டிக்குது."

புள்ளிக்காரர் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். தையல்காரர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தை வெறுமையாகத்தான் இருந்தது… ஒரு ஆள் நீளத்துக்கு அமுங்கி.